சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கண் டாக்டரைப் பார்ப்பது எப்படி?

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு மாறி வந்த குடும்பங்களும், வேலை மாற்றலாகி பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இங்கே எந்தக் கண் டாக்டர் அரசாங்க இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்வார்?" என் அம்மாவின் இரண்டு கண்களுக்கும் சிகிச்சை முடிவதற்குள், எந்தக் கவுண்டரில் எந்தத் தாளைக் கேட்பார்கள், எதற்கு எவ்வளவு பணம் என்று ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முழு வழியையும் ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் எல்லாருக்கும் பொதுவான அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் அட்டை என்று எதுவும் கிடையாது. அரசாங்க மருத்துவமனை வரிப்பணத்தில் நடக்கிறது. குடிமக்கள் பெயருக்கு ஒரு சிறு கட்டணம் கட்டினால் போதும். வேலையில் அடிபட்டால் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு பெக்கா பி40 இருக்கிறது. இந்த மூன்றில் உங்கள் கண் எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரிந்துவிட்டால், எந்த டாக்டர் என்ற கேள்விக்குத் தானாகப் பதில் கிடைத்துவிடும். தனியார் கண் மருத்துவமனையாகத் தேடித் தேடி போன் போட்டு "அரசாங்கத் திட்டம் ஏற்பீர்களா" என்று கேட்பதில் நேரம்தான் போகும்.

1. இன்றே ஓட வேண்டிய கண்ணா, காத்திருக்கக்கூடிய கண்ணா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். கீழே சொல்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சூராட் (டாக்டர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம்), தேதி எதுவும் தேவையில்லை. நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், ராத்திரியானாலும் சரி.

திடீரென்று பார்வை போவது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிந்து, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கம் திரை இறங்கியதுபோல் மறைப்பது. கண் சிவந்து, கடுமையான வலியோடு பார்வையும் மங்கி, தலைவலி, வாந்தி வருவது. கண்ணில் எதுவாவது குத்துவது. களைக்கொல்லிபோன்ற மருந்து தெறிப்பது.

தோட்ட வேலை செய்பவர்களுக்குக் கடைசி இரண்டும் மிக முக்கியம். செம்பனைக் குலை வெட்டும்போது நிமிர்ந்து பார்த்துத்தான் வெட்ட வேண்டும்; தூசும் சிராயும் முள்ளும் நேரே முகத்தில் விழும். செடியோ மட்டையோ கீறிய கண்ணில் பூஞ்சைக் கிருமி பிடித்தால், முதல் இரண்டு நாள் சாதாரண உறுத்தலாகத்தான் தெரியும். பிறகு கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழும். அதற்குள் ஃபார்மசியில் வாங்கிய ஏதோ சொட்டு மருந்தை விட்டுக்கொண்டிருந்தால் நிலைமை மோசமாகும். முக்கியமாக ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை டாக்டர் எழுதித் தராமல் விடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று வாங்கி விடுவதும் வேண்டாம். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் இவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டி அன்போடுதான் சொல்வார், ஆனாலும் காயம்பட்ட கண்ணில் விடாதீர்கள்.

களைக்கொல்லியோ உரத் தண்ணீரோ கண்ணில் பட்டால், வண்டியைத் தேடுவதற்கு முன்னால் தண்ணீரைத் தேடுங்கள். இமையை விரித்துப் பிடித்து, ஓடுகிற சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. மருந்து டின்னில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் பிடித்து எடுத்துப்போனால், எந்த மருந்து என்று டாக்டருக்கு உடனே தெரியும்.

இவை எதுவும் இல்லாமல் மெல்ல மெல்ல மங்குகிற கண் என்றால், அடுத்த படிக்குப் போகலாம்.

2. கண்ணாடிக் கடையில் பார்ப்பவர் கண் டாக்டர் அல்ல

டவுனில் கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. அங்கே உங்கள் பவரை அளப்பவர் ஆப்டிஷனாகவோ ஆப்டோமெட்ரிஸ்ட்டாகவோ இருப்பார். ஆப்டோமெட்ரிஸ்ட் கண் பரிசோதனையில் பட்டம் பெற்றவர். இருவருமே 1991ஆம் ஆண்டு ஆப்டிக்கல் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருக்க வேண்டும். நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கும்போல் தெரிந்தால், டாக்டரிடம் போகச் சொல்லி ஒரு குறிப்பு எழுதித் தருவார். அந்தக் குறிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த படியில் உதவும். ஆனால் சிகிச்சையும் அறுவையும் கண் நிபுணரின் வேலை. இவரைத்தான் மருத்துவமனையில் 'பக்கார் மாத்தா' என்பார்கள்.

மாவட்டத்து சிறிய மருத்துவமனைகளில் எல்லா நிபுணர்களும் தினமும் இருக்க மாட்டார்கள். சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்களுக்குக் கண் பிரிவு என்றால் பெரும்பாலும் ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைதான். பழைய ஆட்கள் ஈப்போ ஜெனரல் ஆஸ்பத்திரி என்பார்கள். சுமார் 30 கிலோமீட்டர். தைப்பிங் மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. பிள்ளைகள் தைப்பிங்கில் இருந்து, அங்கே தங்கிப் பார்ப்பதுதான் சுலபம் என்றால், சூராட் எழுதும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். எழுதிய பிறகு மாற்றுவது சிரமம்.

தனியாரிடம் போவதாக இருந்தால், பார்க்கப் போகும் டாக்டரின் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். இலவசமாகவே பார்க்கலாம்.

3. எந்தத் திட்டம் எதற்கு உதவும்?

இங்கேதான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வயதாகி வரும் கண்புரை, இனிப்புநீரால் (சர்க்கரை நோயால்) வரும் விழித்திரைக் கோளாறு, கண் அழுத்தம், இவையெல்லாம் சாதாரண நோய்க் கணக்கு. அரசாங்க கிளினிக்கும் அரசாங்க மருத்துவமனையும்தான் இதற்கு வழி. கிளினிக்கில் 1 ரிங்கிட். அரசாங்க கிளினிக் டாக்டர் எழுதிய சூராட்டோடு நிபுணரிடம் முதல் தடவை போனால் கட்டணம் இல்லை, அடுத்தடுத்த தடவைகளுக்கு 5 ரிங்கிட். தனியார் கிளினிக் எழுதிய சூராட்டோடு போனால் முதல் தடவை 30 ரிங்கிட். 30 ரிங்கிட் கொடுத்தால் சீக்கிரம் தேதி கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணின் நிலைமையைப் பார்த்துத்தான் தேதி போடுவார்கள்.

60 வயதைத் தாண்டியவர்கள், ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை வைத்திருப்பவர்கள், அரசாங்க ஓய்வூதியக்காரர்கள் ஆகியோருக்குச் சலுகையோ முழு விலக்கோ உண்டு. அட்டையைக் காட்டினால்தான் கிடைக்கும். கவுண்டரில் அவர்களாகக் கேட்பார்கள் என்று சும்மா நிற்காதீர்கள்.

இந்தக் கட்டணமெல்லாம் குடிமக்களின் நீல அடையாள அட்டைக்கு. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு, கணக்கு வேறு, வெளிநாட்டவருக்கு இன்னும் பல மடங்கு. தோட்டங்களில் பிறந்து வளர்ந்தும் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை அழைத்துப்போகும் முன் கட்டணத்தைப் போனில் கேட்டு, பணத்தைத் தயாராக எடுத்துப்போங்கள். பில்லைப் பார்த்து பயந்து பாதியில் சிகிச்சையை விட்டவர்கள் இருக்கிறார்கள். கட்ட முடியாது என்றால் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வேலை செய்யும்போது, அல்லது வேலைக்குப் போகும் வரும் வழியில் அடிபட்ட கண் என்றால் அது சொக்சோ கணக்கு. கண்புரைக்கும் வயதுக்கும் சொக்சோ மருத்துவச் சலுகை தராது. 'எனக்குத்தான் மாதாமாதம் சொக்சோ வெட்டுகிறார்களே' என்று இந்த இடத்தில் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

பெக்கா பி40 என்பது 2019இல் தொடங்கிய சுகாதார அமைச்சின் திட்டம். சும்பாங்கான் துனாய் ரஹ்மா என்ற அரசாங்க உதவித்தொகை பெறுபவர்களும் அவர்களின் கணவன் அல்லது மனைவியும், 40 வயது நிரம்பியிருந்தால், தனியாக விண்ணப்பிக்காமலே இதில் இருப்பார்கள். பெக்கா பி40 இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இது டாக்டர் ஃபீஸைக் கட்டும் திட்டம் அல்ல. இலவச உடல் பரிசோதனையும், சுகாதார அமைச்சு மருத்துவமனையில் சிகிச்சைக்குத் தேவைப்படும் மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 ரிங்கிட் வரை உதவியும் இதில் உண்டு. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் அந்தச் சாதனங்களில் சேரும்.

சுகிம் பெருபாத்தான் மடானி என்று இன்னொன்று இருக்கிறது. அது காய்ச்சல், இருமல்போல் சாதாரண நோய்களுக்குத் தனியார் கிளினிக் போவதற்கானது. கண் அறுவைக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

4. கிளம்புவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்

ஒரு ஃபைல் வாங்கி, அதைக் கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்ட சிரமத்தில் பாதி இந்த ஃபைல் வந்த பிறகு போய்விட்டது.

அடையாள அட்டையின் அசலும் இரண்டு மூன்று நகல்களும். இனிப்புநீர், ரத்த அழுத்தத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த புத்தகம். சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். எழுதத் தெரியாவிட்டால் மருந்து உறைகளையே எடுத்துப்போகலாம். பழைய கண்ணாடி, பழைய பவர் தாள். ஒவ்வாமை இருந்தால் அதைப் பற்றிய தாள். ஓகேயு அட்டை, பென்ஷன் அட்டை இருந்தால் அவற்றின் நகல். கணவன் மனைவியாக இருவர் பெயரில் உதவித்தொகை வருகிறது என்றால் திருமணச் சான்றிதழ் நகலும் ஒரு நாள் தேவைப்படும்.

சுருக்கமாக ஒரு தாளில் இதையும் எழுதி வையுங்கள்: எந்தக் கண், எப்போதிலிருந்து, எப்படித் தெரிகிறது, குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்தம் உண்டா. பெரியவர்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "ஒன்றுமில்லை டாக்டர், கொஞ்சம் மங்கல்" என்று முடித்துவிடுவார்கள். ராத்திரியில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, படியில் இரண்டு தடவை தடுமாறினார் என்பதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதுதான் டாக்டருக்கு வேண்டிய தகவல்.

5. கிளினிக்கில் சூராட் ருஜுக்கான் வாங்குவது

எல்லாவற்றுக்கும் சாவி இந்தச் சூராட்தான். இது இல்லாமல் ஈப்போ கண் கிளினிக் கவுண்டரில் நின்றால் திரும்பத்தான் வேண்டும்.

சுகாதார அமைச்சின் மைசெஜாத்ரா செயலியில் பல கிளினிக்குகளுக்கு முன்கூட்டியே நேரம் எடுக்கலாம். போன் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொடுக்கலாம். நேரில் போவதாக இருந்தால் காலையில் கதவு திறக்கும்போதே அங்கே இருங்கள். திங்கட்கிழமையும் பொதுவிடுமுறைக்கு அடுத்த நாளும் கூட்டம் தாங்காது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம், அன்று தாமதமாகப் போனால் பிற்பகல் முழுதும் உட்கார வேண்டியிருக்கும்.

டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள்: "மாத்தா காபூர், சாயா மாவு சூராட் ருஜுக்கான் கெ கிளினிக் மாத்தா." கண் மங்கல், கண் கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று அர்த்தம். மலாய் சரளமாக வராதவர்கள் இந்த ஒரு வரியை எழுதியே எடுத்துப்போகலாம். டாக்டர் முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார். சூராட் கையில் வந்ததும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா? எந்த மருத்துவமனை என்று எழுதியிருக்கிறதா? இனிப்புநீர், ரத்த அழுத்தம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா? கடைசி விஷயம் விடுபட்டால், அவசரம் குறைந்த வரிசையில் உங்கள் பெயர் போய்விடலாம்.

தேதி வாங்குவது யார் வேலை என்பதையும் அங்கேயே கேளுங்கள். சில கிளினிக்குகள் அவர்களே மருத்துவமனையோடு பேசித் தேதி வாங்கித் தருகின்றன; சில இடங்களில் சூராட்டை நீங்களே கொண்டுபோய்க் கண் கிளினிக் கவுண்டரில் கொடுத்துத் தேதி எடுக்க வேண்டும். எதுவானாலும் சூராட்டை முதலில் நகல் எடுங்கள், போனிலும் படம் பிடித்து வையுங்கள். அசலைக் கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள், திரும்ப வராது.

இனிப்புநீர் இருப்பவர்கள் கண் மங்கும் வரை காத்திருக்கக் கூடாது. நோய் இருப்பது தெரிந்த உடனே ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்க்க வேண்டும். பல அரசாங்க கிளினிக்குகளில் விழித்திரையைப் படம் பிடிக்கும் கேமரா இருக்கிறது. மருந்து வாங்கப் போகும் நாளிலேயே "இந்த வருடம் கண் படம் எடுத்தாச்சா" என்று கேட்டால், இல்லையென்றால் தேதி போட்டுத் தருவார்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் மூன்று பெரியவர்களில் ஒருவர் என்ற கணக்கு. விழித்திரையில் ரத்தக்குழாய் கசிவது வலிக்காது, பார்வையையும் உடனே குறைக்காது. குறைந்த பிறகு போனால் லேசர் வைத்தாலும் போனது முழுதாகத் திரும்பாது. இந்த ஒரு பத்தியை உங்கள் அப்பா அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள்.

6. ஈப்போ போகும் நாள்

அன்றைய முழு நாளையும் ஒதுக்கிவிடுங்கள். முதலில் பதிவு, பிறகு பார்வை அளவு, கண் அழுத்தம், பிறகு கண்மணியை விரிவாக்கும் சொட்டு மருந்து, அது வேலை செய்யக் காத்திருப்பு, கடைசியில் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை.

சொட்டு மருந்து விட்ட பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பக்கத்தில் இருப்பது தெரியாது, வெளிச்சம் கூசும். அதனால் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகவே கூடாது. கோலகங்சார் சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்தக் கண்ணோடு ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவரைத் துணைக்கு அழையுங்கள், கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் போகிறவர்களுக்கு மருத்துவமனைக்குள் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். பெரியவரை வாசலில் இறக்கிவிட்டு, ஓட்டுபவர் மட்டும் இடம் தேடுவதுதான் வழி. இனிப்புநீர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டு மருந்தையும் போட்டுக்கொண்டு போகட்டும். வரிசை நீளும், அதனால் ரொட்டியும் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.

நாள் சம்பளக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண் கிளினிக்கில் பரிசோதனைக்குப் போனால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) தராமல் சிலிப் மாசா (நேரச் சீட்டு) மட்டும் தருவது வழக்கம். எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று மட்டும் அதில் இருக்கும். சொட்டு மருந்து விட்டதால் பிற்பகல் வேலை செய்ய முடியாது என்பதை டாக்டரிடமே சொல்லிக் கேளுங்கள், கவுண்டரில் கேட்டுப் பயனில்லை. வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடம் என்றால் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் 60 நாள் வரை. இதைத் தெரிந்துகொண்டு தோட்டத்து ஆபீஸில் பேசுங்கள். துணைக்கு வந்தவரும் சிலிப் மாசா கேட்டு வாங்கலாம்.

கிளம்பும் முன் அடுத்த தேதி எழுதிய அட்டையைப் பார்த்து, போன் நம்பர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஆட்கள் பிரீபெய்ட் நம்பரை அடிக்கடி மாற்றுவார்கள். யாராவது வராமல் அறுவைத் தேதி காலியானால் மருத்துவமனை போன் போடும். எடுக்க ஆள் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். பிள்ளைகளில் ஒருவரின் நம்பரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

7. வேலையில் அடிபட்ட கண்: சொக்சோ

முதலில் சிகிச்சை, பிறகு தாள். அவசரப் பிரிவில் பதியும்போதே "வேலையில் அடிபட்டது" என்று சொல்லி அதைப் பதிவில் எழுதச் செய்யுங்கள். 'வீட்டில் ஏதோ பட்டது' என்று எழுதிவிட்டால் பின்னால் மாற்றப் போராட வேண்டும். மேற்பார்வையாளர் அப்படிச் சொல்லச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விபத்து நடந்தது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அதற்கான பாரம் எண் 34. ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டு, அனுப்பியதற்கான நகலைக் கையில் வாங்குங்கள். கூட இருக்க வேண்டியவை: அடையாள அட்டை நகல், எம்சி, மருத்துவ அறிக்கை, அன்று வேலைக்கு வந்ததைக் காட்டும் வருகைப் பதிவு, கூட வேலை செய்தவர்களில் பார்த்தவர் ஒருவரின் பெயர். சொக்சோ பேனல் கிளினிக்கிலோ அரசாங்க மருத்துவமனையிலோ சிகிச்சை பெறலாம். பேனல் கிளினிக் என்பது பெரும்பாலும் சாதாரண டாக்டர்தான். கண்ணில் ஆழமான காயம் என்றால் அங்கே நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்கே போங்கள்.

இதில் பெரிய ஆபத்து காண்டிராக்ட் வேலை. தோட்டத்தில்தான் வேலை செய்கிறோம், ஆனால் சம்பளம் காண்டிராக்டரிடமிருந்து. அவர் சொக்சோ கட்டுகிறாரா என்று நமக்குத் தெரியாது. அடிபட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட இன்றே பாருங்கள். சம்பளச் சீட்டில் கழிவு இருக்கிறதா? சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் கொடுத்தால் சந்தா பதிவைப் பார்த்துச் சொல்வார்கள். 1-300-22-8000 என்ற எண்ணிலும் கேட்கலாம். கட்டவில்லை என்றாலும் புகார் செய்து உரிமையைக் கேட்க முடியும். முதலாளி கட்டாதது தொழிலாளியின் தவறு ஆகாது. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து வரிசையில் குலை வெட்டும் வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

8. கண்புரை அறுவை: பணமும் தேதியும்

2014ஆம் ஆண்டு தேசியக் கண் ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு முதல் காரணமாக இருந்தது அறுவை செய்யாமல் விட்ட கண்புரை, 58.6 விழுக்காடு. சரிசெய்யக்கூடிய நோய் இது. ஆனால் வரிசை நீளம், மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதனால் 'முற்றட்டும், பிறகு பார்க்கலாம்' என்ற பழைய பேச்சை நம்பித் தள்ளிப்போடாமல், பெயரையாவது முதலில் பதியுங்கள்.

மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 ரிங்கிட்தான். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செலவு வருவது லென்ஸில். லென்ஸுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கிறதா, எவ்வளவு என்று அறுவைக்குத் தேதி போடும் நாளிலேயே கேளுங்கள். கட்ட வேண்டும் என்றால் இரண்டு வழி.

பெக்கா பி40இல் பெயர் இருந்தால், முதலில் அதன் இலவச உடல் பரிசோதனையை முடித்திருக்க வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குச் சாதன உதவி இல்லை. அரசாங்க கிளினிக்கிலோ திட்டத்தில் பதிந்த தனியார் கிளினிக்கிலோ செய்யலாம்; ரத்தம் எடுக்க ஒரு தடவை, முடிவு கேட்க ஒரு தடவை என்று போக வேண்டும். இரண்டாவது தடவை போகாமல் விட்டால் பரிசோதனை முடிந்ததாகக் கணக்கில் வராது. அதனால் கண் சூராட் வாங்கும் அதே வாரத்தில் இதையும் தொடங்கிவிடுங்கள். லென்ஸ் உதவிக்கு மருத்துவமனைதான் விண்ணப்பிக்கும். நீங்கள் முதலில் கையிலிருந்து பணம் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்று எண்ண வேண்டாம்.

பெக்காவில் பெயர் இல்லை, பணமும் இல்லை என்றால் மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவு. ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று கேட்டால் காட்டுவார்கள். கண் டாக்டர் ஒரு குறிப்பு எழுதி அங்கே அனுப்ப வேண்டும். வீட்டில் உள்ள எல்லாருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, தண்ணீர் மின்சார பில், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் கேட்பார்கள். வேறு வீட்டில் இருக்கும் மகன் மகள் வருமானத்தையும் கேட்பார்கள். அதைக் கேள்வி கேட்பதாக நினைத்துக் கோபப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அவர்கள் வழியாகத்தான் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும் போக முடியும்.

தனியாரில் ஒரு கண்ணுக்கே பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். காத்திருக்கவே முடியாதவர்கள், பெட்டாலிங் ஜெயாவில் லாப நோக்கமின்றி நடக்கும் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனையில் விசாரித்துப் பார்க்கலாம். அது அரசாங்க மருத்துவமனை அல்ல, கட்டணம் உண்டு.

தேதி கிடைத்த பிறகு அது தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. அன்று காலை இனிப்புநீரோ ரத்த அழுத்தமோ அதிகமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிறகு மறுபடியும் வரிசை. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே சாப்பாட்டிலும் மருந்திலும் கவனம் வேண்டும். அந்த மாதத்தில் கல்யாண விருந்தோ தீபாவளியோ வந்தால் இன்னும் கவனம். சளி, இருமல், கண் சிவப்பு இருந்தால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆண்கள் சிறுநீர்ப் பிரச்சினைக்கு, அதாவது புரோஸ்டேட்டுக்கு, டாம்சுலோசின் மாத்திரை எடுத்தால் அதைக் கண் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்மணியைச் சுற்றியுள்ள திரை தளர்ந்துபோக அது காரணமாகலாம், டாக்டர் முன்பே தெரிந்திருந்தால் அதற்குத் தகுந்தாற்போல் செய்வார். கண்ணுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணி அப்பாமார்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

9. அறுவைக்குப் பிறகு

மறுநாளே திரும்பவும் கண்ணைக் காட்ட வேண்டி வரும். டோவன்பி, ஹீவூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் இரண்டு நாளும் அடுத்தடுத்து ஈப்போ போய்வருவது கடினம், முடிந்தால் ஓர் இரவு ஈப்போவில் உறவினர் வீட்டில் தங்குங்கள்.

சொட்டு மருந்து பல வாரங்களுக்கு உண்டு. நாளுக்கு எத்தனை தடவை, எந்த பாட்டில் முதலில் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பாட்டிலைத் தொட வேண்டும். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தலைக்குக் குளிப்பது டாக்டர் சொன்ன பிறகு. அடுப்புப் புகை, குப்பை எரிப்பது, கோழிக்கூண்டு கழுவுவது, தோட்டத்தில் உரம் போடுவது எல்லாம் தள்ளி இருக்கட்டும். வலி கூடினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். கண் ஆறி நிலைப்பதற்கு முன் அளந்த பவர் மாறிவிடும், கண்ணாடிக்குக் கொடுத்த பணம் வீண். மருத்துவமனையில் பவர் அளந்து தாள் தருவார்கள்; அதை வாங்கிக்கொண்டு டவுன் கடையில் சாதாரண ஃப்ரேமில் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடிக்கு பெக்காவிலும் சொக்சோவிலும் பணம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது கண்ணுக்கும் அறுவை இருக்கிறது என்றால், அதுவும் முடிந்த பிறகு ஒரே தடவையாகக் கண்ணாடி செய்யுங்கள்.